கானுமின் கன்னம்

நாஹிதா கானுமுக்கு மூக்கு அமைந்துவிட்டது. நெற்றியும் அமைந்துவிட்டது. கன்னம்தான் அமையவில்லை.

சினூர் அந்த இடது கன்னத்தை மூன்று முறை வழித்தெடுத்திருந்தாள். நான்காவது முறை களிமண்ணை அப்பிவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"பொய். உண்மைய சொல்லணும்னா நீ வாயே திறக்க மாட்டே, பெய்மான்."

அது சரிதான். நான் பேசாமல் தேநீரை ஊற்றினேன்.

நான் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலை முழுக்க நுண்ணோக்கியோடு இருந்துவிட்டு, இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும், மூடிக் கிடக்கும் மாவு மில்லின் பின்கூடத்துக்கு வந்துவிடுவேன். அதுதான் சினூரின் பட்டறை. பள்ளியில் நாங்கள் ஒரே பெஞ்சு. அவள் சிற்பம் படிக்கவும் நான் உயிரியல் படிக்கவும் சுலைமானியாவுக்குப் போனோம். திரும்பி வந்த பிறகு அவள் செய்தவை, நீரூற்றுக்கு ஒரு மீன், ரொட்டிக் கடைக்கு ஒரு கோதுமைக் கதிர். மனித முகம் என்று செய்வது இதுதான் முதல் தடவை.

அதுவும் நாஹிதா கானுமின் முகம். கானும் என்றால் சீமாட்டி. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் சிர்வான் ஆற்றங்கரையில், நிலக்கிழார்களான பேக்குகளின் பெரிய வீட்டில் பிறந்தவள். விருந்தினர் கூடத்தில் ஆண்கள் கவிதை சொல்வார்கள். அவள் திரைக்குப் பின்னாலிருந்து பதில் கவிதை சொல்வாள். வெளியூர்க் கவிஞர் ஒருவர் மூன்று நாள் அவளோடு மோதிப் பார்த்துவிட்டு, தன் மைக்கூட்டைத் திரைக்கு முன்னால் வைத்துவிட்டு ஊரைவிட்டே போனார் என்பார்கள். இன்றைக்கும் எங்கள் கடைத்தெருவில் தர்பூசணி விற்பவன் அவளுடைய வரி ஒன்றைச் சொல்லித்தான் பழத்தில் கத்தி வைப்பான்.

அவளுடையது என்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு நோட்டு. எண்பத்தெட்டில் அரசு ராணுவம் எங்கள் பக்கத்துக் கிராமங்களை எரித்தபோது யாரோ ஒரு பெண் அதை மாவு மூட்டைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். படம் எதுவும் இல்லை. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த யாரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் ஏற்கெனவே மூன்று கவிஞர்கள் நிற்கிறார்கள். மூவருக்கும் மீசை. நான்காவதாக இவளை நிறுத்த வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. புத்தாண்டான நவ்ரோஸ் அன்று திறப்பு. அதற்குள் சுலைமானியாவில் வெண்கலம் வார்த்தாக வேண்டும். ஆகவே வரும் வியாழக்கிழமை சிலைக் குழுவினர் ஐந்து பேரும் வந்து களிமண் முகத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேலை வெளியூர்ப் பட்டறை ஒன்றுக்குப் போய்விடும். அந்தப் பட்டறை அனுப்பிய படப் புத்தகத்தைச் சினூர் எனக்குக் காட்டினாள். கையில் ரோஜா, நீண்ட இமை, எந்த நாட்டுப் பெண்ணுக்கும் பொருந்துகிற முகம்.

"இத வெச்சுட்டாங்கன்னா நான் பூங்கா வழியாவே நடக்க மாட்டேன்," என்றாள்.

முதல் வாரம் முழுக்க ஊரார் மூக்குகளைக் கொண்டுவந்தார்கள். கறிக்கடைக்காரர் வாசலில் பக்கவாட்டாகத் திரும்பி நின்றார். "எங்கம்மா வழில அவங்க எங்களுக்குச் சொந்தம். இந்த மூக்க நல்லாப் பாத்துக்கோ. இடிச்சுக்காம போகணும்னா கதவ முழுசாத் திறக்கணும்."

சினூர் எல்லா மூக்குகளையும் வரைந்துகொண்டாள். கடைசியில் தாஹிர் பேக்கின் மூக்கைத் தேர்ந்தெடுத்தாள். அவர் கானுமின் தம்பி வழிப் பேரனுக்குப் பேரன். குழுவின் தலைவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை தாஹிர் பேக் மாமோஸ்தா நூரியோடு வந்தார். மாமோஸ்தா என்றால் வாத்தியார்; முப்பது வருடம் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் இலக்கியம் நடத்தியவர். எனக்கும் ஊரில் பாதிப் பேருக்கும் கானுமின் கவிதைகளைச் சொல்லிக் கொடுத்தது அவர்தான்.

பேக் இடுப்புத் துணி மடிப்பிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்தார். நான்கு பெண்கள் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க அத்தைங்க. எங்க வீட்டுப் பொண்ணுங்க முகத்தப் பாரு, மகளே. பால் மாதிரி. ஒரு புள்ளி கிடையாது."

"ஒரு புள்ளி வேணும் பேக்," என்றார் மாமோஸ்தா. "மச்சம். கானுமே பாடியிருக்காங்க. என் கன்னத்து முத்திரையால அறுபது கடிதத்த மூடி அனுப்பினேன், ஒண்ணும் திரும்பி வரலேன்னு."

"அந்தக் கவிதைய விடுங்க மாமோஸ்தா."

"எப்படி விடறது? பரீட்சைல வருஷா வருஷம் வருது. முத்திரைன்னா மச்சம். கடிதம்னா காதல் கடிதம். இதுல சந்தேகமே இல்ல."

"எங்க வீட்டுப் பொண்ணு அறுபது காதல் கடிதம் எழுதினாளா?"

"கவிதை பேக், கவிதை."

"கவிதைன்னா ஆறு போதாதா?"

சினூர் முகத்தைத் திருப்பிக்கொண்டு களிமண்ணைப் பிசைந்தாள். தோள் குலுங்கியது. பிறகு திரும்பிக் கேட்டாள். "மச்சம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் காலத்துல நம்ம ஊர்ல இப்படி வழுவழுன்னு ஒரு கன்னம் இருந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்ல. அதான் கை ஓட மாட்டேங்குது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். உடனே பார்வையை மாற்றிக்கொண்டாள்.

என் இடது கன்னத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. பெரிய காசு அளவு. எங்கள் கர்மியான் வெப்ப பூமி. மணல் ஈ கடித்த இடத்தில் வரும் புண் ஆற ஒரு வருடம் ஆகும். அதனால் வருடப் புண் என்றே பெயர். எனக்கு நான்கு வயதில் வந்தது. இப்போது வேலையே அந்தப் புண்ணைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றிப் பார்ப்பதுதான். தலைத்துணியை இடது பக்கம் கொஞ்சம் தாழ்த்திக் கட்டுவது என் வழக்கம். சினூர் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

எனக்கே தெரியாமல் என் வாய் திறந்தது. "பேக்... அந்தக் காலத்துல எல்லாருக்கும் வருடப் புண் வந்திருக்குமே. மருந்து கிடையாது."

"எங்க வீட்டுல வந்ததில்ல. எங்கம்மாவுக்கு இல்ல, அத்தைங்களுக்கு இல்ல, என் வீட்டுக்காரிக்கும் இல்ல. போய்ப் பாரு."

சொன்னபோது அவருடைய நெற்றியில் இருந்த தழும்பு வெளிச்சத்தில் தெரிந்தது. மாமோஸ்தாவுக்குக் காதுக்குக் கீழே ஒன்று.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முகங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். அறுபது வயது தாண்டிய ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு முகத்தில் தழும்பு. அதே வயதுப் பெண்களிடம் தேடினேன். பழைய வீடுகளின் வாசலில் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள், கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி முகத்திலும் இல்லை. என் வயதுப் பெண்களிடம் மறுபடி இருந்தது.

மணல் ஈக்கு ஆண் பெண் வித்தியாசம் தெரியாது. ஆகவே இதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

காரணம் மறுநாள் தானாகவே பரிசோதனைக்கூடத்துக்கு நடந்து வந்தது. தாஹிர் பேக்கின் மனைவி குலாலா தன் கடைசி மகள் லாவினைக் கூட்டிக்கொண்டு வந்தார். லாவினுக்கு முகவாயில் ஒரு புண். கோடையில் கல்யாணம். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

நான் புண்ணின் ஓரத்தில் சுரண்டித் தகட்டில் தடவினேன். நுண்ணோக்கியில் அவை தெளிவாகத் தெரிந்தன. சிறு முட்டைகள் போல, உள்ளே ஒரு புள்ளியோடு.

"வருடப் புண்தான் அத்தே. ஊசி இருக்கு. பயப்பட வேண்டாம்."

குலாலா தலையில் அடித்துக்கொண்டார். "என் தப்பு. எங்கம்மா எனக்குச் செஞ்சத நான் இவளுக்குச் செய்யல. டாக்டர் திட்டுவார்னு விட்டுட்டேன். எனக்கு முத்திரை போட்டாங்க, நான் தப்பிச்சேன்."

"என்ன முத்திரை?"

அவர் கதவைப் பார்த்தார். கதவுக்கு வெளியே ஆண் ஊழியர் யாரும் இல்லை என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்கம்மா காலத்துலயே நின்னு போச்சா? கானும் முத்திரைம்மா. பொண்ணுக்கு ரெண்டு வயசாகும்போது, யாருக்காவது புண் வந்திருந்தா, ஒரு முள்ள எடுத்து அந்தப் புண்ணுல தொட்டு, குழந்தை தொடைல குத்துவாங்க. அங்க ஒரு வருஷம் புண் இருக்கும். அப்புறம் ஆயுசுக்கும் முகத்துல வராது. எங்க தெருவுல எல்லாருக்கும் உண்டு. குளிக்கிற இடத்துல ஒருத்தியோடத ஒருத்தி பாத்துச் சிரிப்போம்."

"பையனுங்களுக்கு?"

"அவனுங்க முகம் எப்படி இருந்தா என்ன? ஆம்பளைக்குத் தழும்பு அழகுன்னு விட்டுடுவாங்க. ஆம்பளை காதுல இது விழவே கூடாது. விழுந்தா முத்திரை பிடிக்காது."

லாவின் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தேன்.

"அத்தே, அத ஏன் கானும் முத்திரைன்னு சொல்றீங்க?"

"ஏன்னா... எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. குத்தும்போதே சொல்லணும். 'கானுமின் கன்னத்திலிருந்து உன் தொடைக்கு. முகம் உனக்கே இருக்கட்டும்.' அதச் சொல்லாம குத்தக் கூடாது."

"கானுமின் கன்னத்திலிருந்து," என்றேன்.

"ஆமா." அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவர் கை மெதுவாகத் தன் கன்னத்துக்குப் போனது. "அட," என்றார். "இத்தனை வருஷத்துல நான் அத யோசிச்சதே இல்லியே."

நான் இரண்டு மணி வரை காத்திருக்கவில்லை.

சினூர் முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு நிமிடம் அந்த வெறும் கன்னத்தையே பார்த்தாள். "அறுபது கடிதம்," என்றாள்.

"அறுபது குழந்தைங்க."

"ஒண்ணும் திரும்பி வரல."

"அப்படின்னா எல்லாருக்கும் முத்திரை பிடிச்சிருக்கு. ஒருத்தி முகத்துலயும் வரல."

எப்படி ஆரம்பித்தது என்று எங்கும் எழுதப்படவில்லை. கூடாரங்களில் வாழ்ந்த பெண்களிடம் அந்த முள் வழக்கம் முன்பே இருந்திருக்கலாம். பெரிய வீட்டுப் பெண்ணான அவளுக்கு முகத்திலேயே புண் வந்தபோது, அதை மூடிக்கொண்டு திரைக்குப் பின்னால் இருந்திருக்கலாம். திரை ஏற்கெனவே இருந்தது. ஆனால் அவள் ஊர்ப் பெண்களை உள்ளே கூப்பிட்டிருக்கிறாள். முள்ளோடு வரச் சொல்லியிருக்கிறாள்.

"சரி, தழும்பு எப்படி இருக்கும்?" என்றாள் சினூர். "நான் உத்துப் பாத்ததே இல்லியே."

அவள் கேட்காமல் கேட்டது எனக்குப் புரிந்தது. தலைத்துணியை அவிழ்த்து நாற்காலியில் போட்டேன். ஜன்னலுக்கு நேராக முகத்தைத் திருப்பி உட்கார்ந்தேன்.

அவள் கன்னத்தில் எண்ணெய் தடவி, சாந்தைக் குழைத்து அப்பினாள். முதலில் சில்லென்றிருந்தது, பிறகு சூடானது. காய்ந்ததும் எடுத்து, அதில் களிமண்ணை அழுத்திப் பிரித்து என்னிடம் காட்டினாள். என் தழும்பை நான் அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. குழி என்றுதான் நினைத்திருந்தேன். அது ஆழமில்லாத ஒரு தட்டு. உள்ளே, கசக்கிப் பிரித்த மெல்லிய காகிதம் போல் கோடுகள்.

"இத அப்படியே வெச்சிடவா?"

"கூடாது. என்னோடத யாரும் தொடல, தானா ஆறுச்சு. அவங்களோடத அறுபது தடவை கிளறியிருக்காங்க. ஆறவே விட்டிருக்க மாட்டாங்க. அகலமா இருக்கும், ஓரம் ஒழுங்கா இருக்காது. இங்கேர்ந்து தாடை வரைக்கும் இழுத்திருக்கும்." என் முகத்திலேயே விரலால் வரைந்து காட்டினேன்.

அன்று அவள் கை ஓடியது.

வியாழக்கிழமை ஐந்து பேரும் வந்தார்கள். சினூர் ஈரத் துணியை விலக்கினாள். தாஹிர் பேக்கின் விரலில் ஜபமாலை மட்டும் டிக், டிக் என்று நகர்ந்தது.

"இது என்ன?"

"வருடப் புண் தழும்பு பேக்," என்றாள் சினூர்.

அவர் பார்வை சிலையிலிருந்து என்னிடம் வந்தது. மற்ற நான்கு பேரும் அதே மாதிரி திரும்பினார்கள். என் கை தானாகத் தலைத்துணிக்குப் போனது.

"உன் சிநேகிதி முகத்தக் கொண்டுபோய் எங்க கானும் மேல ஒட்டியிருக்கே."

"இல்ல பேக்..."

"அவள நான் குறை சொல்லல. பாவம், அவ விதி. ஆனா ஊர் நடுவுல, எங்க வீட்டுப் பொண்ண..."

மாமோஸ்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார். "ஆதாரம் என்னம்மா? நோட்டுல இருக்கா? கடிதம் இருக்கா?"

சினூர் என்னைப் பார்த்தாள். பேச வேண்டியது நான்தான். ஐந்து ஆண்களுக்கு முன்னால் தொடை என்ற வார்த்தையைச் சொல்ல வேண்டும். அதைவிட, அது என் ரகசியமும் இல்லை. என்னை நம்பிச் சொன்ன ஒருவருடையது.

"ஆதாரம் இருக்கு மாமோஸ்தா," என்றேன். "ஆனா... உங்களுக்குக் காட்ட முடியாது."

மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார். அவரும் குழுவில் ஒருவர். "காட்ட முடியாத ஆதாரமா? நல்ல சயின்ஸ் படிச்சிருக்கே."

தாஹிர் பேக் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை மத்தியானம் வருவோம். கன்னம் சுத்தமா இருக்கணும். மச்சம் வேணா வெச்சுக்கோ. இல்லேன்னா ரோஜாப்பூக்காரன்கிட்ட போயிடும்."

அவர்கள் போனதும் சினூர் கத்தியை எடுத்தாள். அதைக் கன்னத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். பிறகு மேஜையில் வைத்துவிட்டாள். "என்னால முடியாது. அவங்களே வழிச்சுக்கட்டும்."

வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆண்கள் மசூதியில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் குலாலாவின் வீட்டுக்குப் போனேன். அவர் யப்ராக் சுற்றிக்கொண்டிருந்தார். திராட்சை இலை, வெங்காயம், புளிப்பு மணம். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு இலையில் அரிசியை வைத்து, மடித்து, சட்டியில் அடுக்கி, அடுத்த இலையை எடுத்தார்.

"சொன்னா முத்திரை பிடிக்காதேம்மா."

"இனி யாருக்கும் குத்தப் போறதில்ல அத்தே. உங்களுக்கெல்லாம் பிடிச்சு அறுபது வருஷமாச்சு. இனிமே எங்க போகும்?"

"லாவினுக்கு ஆறாமப் போச்சுன்னா?"

"அவளுக்கு ஊசி போட்டாச்சு. ஆறும். நான் தகட்டுல பாத்துச் சொல்றேன்."

"உனக்குத் தகடு. எங்களுக்கு இது எங்கம்மா வாய்லேர்ந்து வந்த சொல்லு." இன்னொரு இலை. "அவர்கிட்ட நான் நாப்பது வருஷமா சொல்லாதது அது ஒண்ணுதான். ஒரு பொம்பளைக்கு அப்படி ஒண்ணாவது வேண்டாமா?"

நான் எழுந்தபோது ஒரு கிண்ணத்தில் எனக்கும் சினூருக்கும் வைத்துக் கொடுத்தார். வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை.

சனிக்கிழமை நண்பகல். ஐந்து பேரும் நின்றார்கள். கன்னம் அப்படியே இருந்தது. தாஹிர் பேக் நீண்ட மூச்சு விட்டார்.

"சரி. உன் இஷ்டம் மகளே. சுலைமானியாவுக்குப் போக வேண்டிய வண்டிய நான் நிறுத்திடறேன்."

அப்போது வாசலில் வெளிச்சம் மறைந்தது. குலாலா உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் பத்துப் பதினொரு பெண்கள். எல்லோரும் அவர் வயது. நடுவில் லாவின், முகவாயில் கட்டோடு. ஆண்கள் சுவரோரமாக நகர்ந்து இடம் விட்டார்கள்.

குலாலா சிலைக்கு முன்னால் போய் நின்றார். பிறகு திரும்பினார்.

"பேக், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இங்கயா? வீட்டுல சொல்லக் கூடாதா?"

"வீட்டுல நீங்க கேட்டீங்க, நான் பதில் சொன்னேன். கல்யாணமான புதுசுல. அந்தப் பதில் பொய்."

"என்ன பதில்?"

"தந்தூர் அடுப்பு சுட்டுடுச்சுன்னு சொன்னேனே, அது."

ஜபமாலை நின்றது. பேக்கின் காது நுனி சிவந்தது. "குலாலா!"

"எங்கன்னு நான் சொல்லலியே."

பின்னாலிருந்த பெண்கள் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் யாரிடமும் இல்லாமல் தனக்குள் சொல்வதுபோல், "என் வீட்டுலயும் தந்தூர்தான்," என்றார்.

அவருக்குப் பக்கத்தில் நின்றவர் குனிந்து கேட்டார். "இடது பக்கமா?"

"வாய மூடு."

மாமோஸ்தா நூரி கூட்டத்தில் தன் மனைவியைக் கண்டுபிடித்துவிட்டார். "நீயுமா? உங்க வீட்டுல ரொட்டியே கடைலதான வாங்குவீங்க?"

"இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் அது தோணுச்சா?" என்றார் அந்த அம்மா. "பெரிய மாமோஸ்தா!"

இப்போது எல்லாப் பெண்களும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். குலாலா சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்துவிட்டு, அந்த வழக்கத்தை முழுக்கச் சொன்னார். முள்ளை, புண்ணை, இரண்டு வயதை. கடைசியில் அந்த வாக்கியத்தைச் சொன்னார். அவர் தொடங்கியதும் மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் முன்னால் அது சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"கானுமின் கன்னத்திலிருந்து உன் தொடைக்கு. முகம் உனக்கே இருக்கட்டும்."

மாமோஸ்தா மாவு மூட்டைகள் வைக்கும் பலகையில் உட்கார்ந்துவிட்டார். உதடு அசைந்தது. அந்தக் கவிதையை அவர் தனக்குள் சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. கடிதம் வரும் வரியில் நின்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

"முப்பது வருஷமா," என்றார், "தப்பான விடைக்கு மார்க் போட்டிருக்கேன்."

"எனக்குப் பத்துக்கு ஒன்பது போட்டீங்க," என்றாள் சினூர்.

"அந்த ஒண்ணயாவது சரியாக் குறைச்சிருக்கேன்."

தாஹிர் பேக் மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "அப்போ இந்தத் தழும்பு," என்று என்னைப் பார்த்தார், "உன்னோடது இல்லியா?"

அந்த நேரத்தில் என் வாய் ஒழுங்காகத் திறந்தது. ஒரு புண்ணை ஒரு தடவை கிளறினால் அது ஆறுவது எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று சொன்னேன். அறுபது தடவை கிளறினால் தழும்பு எப்படி இழுக்கும் என்று, என் கன்னத்தையும் சிலையின் கன்னத்தையும் மாறி மாறிக் காட்டிச் சொன்னேன். முடித்தபோதுதான் தலைத்துணி தோளில் கிடப்பதைக் கவனித்தேன்.

பேக் சிலைக்குக் கிட்டத்தில் வந்தார். விரலைக் கன்னம் வரை கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

"வலிச்சிருக்குமா?"

"ஒவ்வொரு தடவையும்."

அவர் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். நாற்பது வருடமாகப் பார்த்த முகம். நெற்றி, கன்னம், முகவாய். எங்கும் ஒரு புள்ளி இல்லை. போட்டோவில் இருந்த நான்கு அத்தைகளையும் அவர் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"எங்க வீட்டு அழகுன்னு நான் சொல்லிட்டுத் திரிஞ்சது..." என்றார். முடிக்கவில்லை.

"அவங்க கொடுத்தது," என்றார் குலாலா.

அவர் ஜபமாலையைச் சட்டைப் பையில் போட்டார். சினூரிடம் திரும்பினார். "அறுபது தடவைன்னா இந்த அளவு போதுமா? இன்னும் கொஞ்சம் ஆழமா வேணுமா? வெண்கலத்துல மழுங்கிடப் போகுது."

"சரியா வரும் பேக்."

"மூக்கு மட்டும் எங்க வீட்டு மூக்கா இருக்கட்டும்."

"முதல் நாள்லேர்ந்தே உங்க மூக்குதான்."

நவ்ரோஸ் அன்று பூங்காவில் நிற்க இடமில்லை. மூன்று மீசைகளுக்கு எதிரில் அவள் இருந்தாள். திரையை விலக்கினார்கள். மாமோஸ்தா நூரி அறுபது கடிதங்களின் கவிதையைப் படித்தார். விளக்கம் சொல்லவில்லை. அவர் விளக்கம் சொல்லாமல் ஒரு கவிதையை முடித்ததை ஊர் அன்றுதான் பார்த்தது.

அதன்பின் பெண்கள் வரிசையாக முன்னால் வந்தார்கள். பச்சை, மஞ்சள், ஜரிகை ஆடைகள். அறுபதைத் தாண்டிய ஒவ்வொருத்தியும் சிலைக்கு எதிரில் வந்ததும், தூசி தட்டுவதுபோல ஆடையின் மேல் இடது தொடையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். கணவன்மார்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மலைப்பக்கம் எரிந்த பண்டிகை நெருப்பின் புகையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லாவின் என் பக்கத்தில் நின்றாள். கட்டு இல்லை. முகவாயில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக இருந்தது.

வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் சிலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடி சிலையைப் பார்த்தாள்.

"உன்ன வெச்சுத்தான் செஞ்சாங்களா?"

"இல்லக்கா," என்றேன். "என்னோடது ரொம்பச் சின்னது."